குளவிக்கு ஒரு நல்ல வார்த்தை

நாற்பதைத் தாண்டிய ஆம்பிளை ஒருவன் திடீரென்று மோட்டார் சைக்கிள் வாங்கக் கிளம்பினால், அவனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இடது பக்கக் காறை எலும்பா, வலது பக்கமா? இது எலும்பரின் கட்சி. கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர். ஆனாலும் கொள்கையில் ஒருநாளும் தளர்ந்ததில்லை.

எலும்பர் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். ஆளும் ஒல்லி, தொழிலும் எலும்பு என்பதால் உடன் வேலை செய்பவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அது. ஒருநாள் அது காதில் விழுந்தபோது, "பரவாயில்லையே, மரியாதை குறையாமத்தான் வெச்சிருக்கீங்க" என்று அவரே அதை எடுத்துச் சூட்டிக்கொண்டார். திங்கட்கிழமை காலையில் அவருடைய அறை வாசல் பெஞ்சைப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தோல் ஜாக்கெட் என்ன, முட்டிக்குக் கவசம் என்ன, கழுத்தைச் சுற்றிய கைக்குட்டை என்ன! கை மட்டும் துணித் தூளியில் தொங்கும். எலும்பர் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, சுவரோரம் நிறுத்தி, "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாமப் பிடிங்க. நேத்து வளைவுல பிடிக்காத பிரேக்கையும் சேர்த்து இப்பப் பிடிச்சுடுங்க" என்பார். வலியில் இருப்பவனுக்குச் சிரிக்கவும் முடியாது, திட்டவும் முடியாது. மூச்சு வேறு பிடித்திருக்கிறான்.

இப்படிப்பட்ட மனிதருடைய சொந்தத் தங்கை புருஷனே வண்டி வாங்கப் போகிறேன் என்று கிளம்பினால் எப்படி இருக்கும்? எலும்பருக்கு வாயில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது.

மாப்பிள்ளைக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "நம்ம மாப்பிள்ளை போகாத தூரமில்ல. என்ன ஒண்ணு, எல்லாம் மேலயும் கீழயும்தான்" என்பது கல்யாணமான புதிதில் எலும்பர் அவிழ்த்துவிட்ட ஜோக். அதற்குப் பிறகு தங்கைக்கு மகள் பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் முடித்து, படிக்கிறேன் என்று ஹாஸ்டலுக்கும் போய்விட்டாள். அந்த ஜோக் மட்டும் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. 'வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை' என்று மரியாதைக்கு ஒரு குறையும் வைக்காமலே காலை வாருவதில் எலும்பரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

உண்மையில் அது அவர் ஒருவருடைய கெட்ட பழக்கம் அல்ல, குடும்பத்துக்கே உள்ள வியாதி. அந்த வீட்டில் பிறந்தவர்களுக்குப் பாசத்தை நேராகச் சொல்லத் தெரியாது. காய்ச்சலில் கிடப்பவனைப் பார்த்து, "என்ன, பரீட்சை வருதா?" என்பார்கள். கல்யாணமான முதல் வாரத்திலேயே தங்கை புருஷனை உட்கார வைத்து விளக்கியிருந்தாள்: "எங்க வீட்டு ஆளுங்க கிண்டல் பண்ணினா ஒண்ணும் இல்ல, பாசமா இருக்காங்கன்னு அர்த்தம். கிண்டலை நிறுத்திட்டாத்தான் பயப்படணும்." மாப்பிள்ளை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் வளர்ந்த வீட்டில் நல்லது என்றால் நல்லது என்பார்கள், கெட்டது என்றால் கெட்டது என்பார்கள். இந்த விதி அவர் மண்டையில் ஏறியது, மனதில் ஏறவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துவைப்பார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பும் வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டே வந்தது. எலும்பருக்கு உள்ளே இருப்பதைப் படம் எடுக்கத் தெரியுமே தவிர, இதெல்லாம் கண்ணில் படாது.

அவர் கண்ணில் பட்டது வேறொன்று. மாப்பிள்ளை தன் பேச்சை ஒருநாளும் கேட்டதில்லை. வீடு பார்க்கும்போது, "தரைத்தளமா எடுங்க மாப்பிள்ளை, வீட்லயாவது லிஃப்ட் இல்லாம இருங்க" என்றார் எலும்பர். மாப்பிள்ளை நாலாவது மாடியைப் பார்த்தார். தங்கை அழுது அடம்பிடித்துத்தான் தரையோடு ஒரு தனி வீடு கிடைத்தது. துணி துவைக்கும் மெஷின் வாங்கும்போது, "அந்தக் கம்பெனி வேணாம், உங்க மாதிரியே சத்தமில்லாம நின்னுடும்" என்றார். மாப்பிள்ளை அதையே வாங்கினார். மகளைப் பக்கத்துக் கல்லூரியில் சேர்க்கச் சொன்னார். மாப்பிள்ளை தூரத்துக் கல்லூரியில் சேர்த்தார். 'நான் கிழக்குன்னா இந்த ஆளு மேற்கு' என்று எலும்பர் முடிவு கட்டிவிட்டார். ஒவ்வொரு யோசனைக்குள்ளேயும் ஓர் ஊசி வைத்துக் கொடுத்தால் எவன் வாங்கிக்கொள்வான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வண்டி விவகாரம் அவர் காதுக்கு வந்தது தங்கை மூலமாகத்தான். அவள் ஒரு பேக்கரியில் கேக்கின் மேல் எழுதுகிறவள். யார் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்தும் கல்யாண வாழ்த்தும் கிரீமில் எழுதுவாள். அன்று மதியம் சட்டைக் கையில் இளஞ்சிவப்புக் கிரீம் ஒட்டியிருக்க, ஆஸ்பத்திரி கேண்டீனில் அண்ணன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு வண்டி பாத்து வெச்சிருக்காருண்ணா."

"ரெண்டா? ஒண்ணு போறதுக்கு, ஒண்ணு ஆம்புலன்ஸுக்கா?"

"சொல்றதைக் கேளு. ஒண்ணு பெரிசு. தூரப் பயணம் போறவங்க ஓட்டுறது. பின்னால அகலமா சீட்டு, சாஞ்சுக்கத் திண்டு, ரெண்டு பக்கமும் பெட்டி. இன்னொண்ணு ரேஸ் வண்டி மாதிரி. குனிஞ்சு படுத்துக்கிட்டு ஓட்டணும். அதுல பின்சீட்டுன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணு எருமை, ஒண்ணு குளவி. புரியுது."

"சிரிக்காதண்ணா."

அவள் குரலில் ஏதோ இருந்தது. எலும்பர் தேநீரைக் கீழே வைத்தார்.

"பொண்ணு ஹாஸ்டலுக்குப் போனதுலேருந்து வீட்ல பேச்சே இல்ல" என்றாள் தங்கை. "அவர் ஒரு ரூம்ல, நான் ஒரு ரூம்ல. சண்டை கிண்டை ஒண்ணும் இல்ல. சண்டை போட்டாலாவது பேச்சு இருக்கும். இவ்வளவு நாளா எங்களுக்கு நடுவுல அவதான் பேசிட்டிருந்தான்னு இப்பத்தான் தெரியுது. திடீர்னு ஒருநாள், வண்டி வாங்கப் போறேன், லீவு போட்டுட்டு ஒரு மாசம் எங்கயாவது சுத்திட்டு வரணும்னாரு. யாரு போறா, எத்தனை பேர் போறோம், ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல."

"கேட்டா என்ன?"

"கேட்டு, நான் தனியாத்தான் போறேன்னு சொல்லிட்டாருன்னா?"

எலும்பரிடம் இதற்கு ஜோக் இல்லை. அது அவருக்கே புதிதாக இருந்தது.

"அதனால நான் வண்டியைப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். "பெரிசு வந்துதுன்னா என்னையும் நெனச்சிருக்காருன்னு அர்த்தம். அந்தச் சின்னது வந்துதுன்னா..." மேசையில் சிந்தியிருந்த தண்ணீரை விரலால் இழுத்துக் கோடு போட்டாள். "இந்த வயசுல ஒரு சீட்டுக்காக இப்படிக் காத்துக்கிட்டு இருக்கேன் பாரு. எனக்கே கேவலமாத்தான் இருக்கு. உன்னைத்தான் கூட வரச் சொல்லப் போறாராம். நீ கிண்டல் எதுவும் பண்ணாம, பெரிசையே எடுங்கன்னு நேரா ஒரு வார்த்தை சொல்லிடு. போதும்."

"நான் பெரிசை எடுங்கன்னா உன் புருஷன் சின்னதைத்தான் எடுப்பாரு. என்னைக்கு நான் சொன்னதைக் கேட்டிருக்காரு?" சொல்லும்போதே எலும்பருக்கு மூளையில் விளக்கு எரிந்தது. முகம் மலர்ந்துவிட்டது. "இரு இரு. நான் குளவியை ஆஹா ஓஹோன்னு தூக்கி வைக்கிறேன். பிடிவாதத்துக்கே எருமையை எடுத்துட்டு வந்து வாசல்ல நிறுத்துவாரு."

"வேணாண்ணா. நேரா சொல்லேன்."

"நீ கேக்குல எழுது. இதை என்கிட்ட விடு."

தங்கை இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார். உள்ளே ஒரு முழங்கை காத்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மாலை மச்சானும் மாப்பிள்ளையும் ஷோரூமுக்குப் போனார்கள். தரை முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று இருந்தது. புது ரப்பர் வாசனை. வயிறு முன்னால் வந்து, முடி பின்னால் போன ஆண்கள் அங்கங்கே நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருவர் ஓடாத வண்டியின் கைப்பிடியை முறுக்கி, வாயாலேயே 'ர்ர்ர்' என்று ஓட்டிக்கொண்டிருந்தார். நாலு வாரம் கழித்து எவனெவன் தன் பெஞ்சுக்கு வருவான் என்று எலும்பர் மனதுக்குள் பிரித்து வைத்துக்கொண்டார்.

கழுத்தில் அட்டை தொங்கவிட்ட விற்பனையாளர் பல் தெரிய வந்தார். "சார், இது வெறும் வண்டி இல்ல. இது ஒரு வாழ்க்கை முறை."

அதற்கு சைடு ஸ்டாண்டு உண்டா என்று கேட்க எலும்பரின் நாக்கு துள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டார். இன்று கிண்டலுக்கு விடுமுறை. ஒரு நல்ல காரியத்துக்காக வாயைக் கட்டுகிறோம் என்ற பெருமையில், அது அவருக்குக் கொஞ்சம் சுலபமாகவும் இருந்தது.

முதலில் எருமை. பெயருக்கு ஏற்ற உடம்பு. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்ததும் கால் தரைக்கு எட்டுவேனா என்றது. கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் நேரே பார்த்தார். விற்பனையாளர் ஒன்றும் தெரியாதவர்போல வண்டியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். இறங்கிய பிறகு மாப்பிள்ளை ஒரு காரியம் செய்தார். பின்சீட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். நகர்ந்து போய், திரும்பி வந்து மறுபடியும் அழுத்தினார். திண்டைத் தட்டினார். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற கட்டையைக் குனிந்து விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். வண்டி வாங்க வந்த ஆள் மெத்தைக் கடையில் நிற்கிற மாதிரி நிற்கிறாரே என்று எலும்பருக்குச் சிரிப்பு வந்தது. அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. காலடியில் வந்து விழுந்த பதிலை மிதித்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

அடுத்தது குளவி. சிவப்பு. கூர்மூக்கு. பின்பக்கம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு மெத்தைத் துண்டோடு முடிந்துவிட்டது. இரண்டு பேர் போகலாம் என்று காகிதத்தில் எழுதுவதற்காக வைத்த துண்டு. மாப்பிள்ளை அதில் ஏறி, முன்னால் கவிழ்ந்து, கைப்பிடியைப் பிடித்தார். எலும்பரின் கண்ணுக்கு நேராக இரண்டு மணிக்கட்டுப் படங்கள் வந்து போயின. கூடவே ஒரு கழுத்து. அதையெல்லாம் விழுங்கிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு சொல்லட்டுமா?"

மாப்பிள்ளையின் தோள் லேசாக இறுகியது. வழக்கமான ஊசிக்குத் தயாராகிவிட்டார். "சொல்லுங்க மச்சான்."

"இதுல உக்காந்ததும் நீங்க ஆளே மாறிட்டீங்க."

"கிண்டல் பண்றீங்களா?"

"கிண்டல் இல்ல. அந்தப் பெரிசை யாரு வேணா ஓட்டிடலாம். உக்காந்தா அது பாட்டுக்குப் போகும். இது அப்படி இல்ல. இதுக்குக் கை வேணும், கண்ணு வேணும், நிதானம் வேணும். உங்ககிட்ட அது இருக்கு. பதினாறாவது மாடியில, கீழ ஒண்ணும் இல்லாத இருட்டுல தொங்கிக்கிட்டு, ஒரு போல்ட்டை முறுக்குறீங்களே, அந்தக் கை. என்னால ஒரு நிமிஷம் அங்க நிக்க முடியுமா? அந்தக் கைக்கு இதுதான் வண்டி."

பேச்சு தானாக வந்துவிட்டது. இதில் எது நடிப்பு, எது நிஜம் என்று அவருக்கே உடனே பிரிக்க முடியவில்லை. மாப்பிள்ளை ஒருமுறை லிஃப்ட் குழிக்குள் தொங்கி வேலை செய்ததை அவர் பார்த்திருக்கிறார். அன்று உள்ளே எட்டிப் பார்த்தவர் உடனே சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அதையும் ஒரு ஜோக்காகத்தான் சொன்னார்.

"நெஜமாவா மச்சான்?" என்றார் மாப்பிள்ளை.

"நெஜமாத்தான்."

மாப்பிள்ளை வண்டியைவிட்டு இறங்கினார். மூக்கைத் தேய்த்துக்கொண்டார். சுவரில் வரிசையாக மாட்டியிருந்த ஹெல்மெட்டுகளின் பக்கம் திரும்பி, எதையோ தேடுகிறவர்போல வெகுநேரம் நின்றார். முதுகுதான் தெரிந்தது. பிடிவாதம் ஏறுகிறது, நல்லது, ஏறட்டும் என்று எலும்பர் நினைத்தார். மனிதர்களின் முதுகெலும்பை ஆயிரம் தடவை பார்த்தவர். முதுகைப் படிக்கத் தெரியவில்லை.

"நான் யோசிச்சு முடிவு பண்ணிக்கிறேன்" என்றார் மாப்பிள்ளை, திரும்பாமலேயே.

எலும்பர் வெளியே வந்ததும் வராததுமாகத் தங்கைக்குப் போன் போட்டார். "காரியம் முடிஞ்சுது. எருமை வருது, மூட்டையைக் கட்டு. என் நடிப்பை நீ பாத்திருக்கணும்." மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "என்ன, ஜலதோஷமா?" என்று கேட்டு வைத்தார்.

வண்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை எலும்பர் தங்கை வீட்டுக்குச் சீக்கிரமே போய்விட்டார். தன் வெற்றியைத் தானே இருந்து பார்க்காவிட்டால் எப்படி? வாசலில் நாற்காலியைப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார். தங்கை உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பேக்கரியில் ஒரு மாதம் லீவு கேட்டு வாங்கிவிட்டாள். தலைமுடியைத் தாழ்வாக, கழுத்தோரம் கட்டியிருந்தாள், ஹெல்மெட் போடத் தோதாக. காலில் புதிதாக, கயிறு கட்டுகிற ஷூ.

"மலை ஏறப் போறியா?" என்றார் எலும்பர்.

"செருப்புப் போட்டுக்கிட்டு வண்டியில உக்காரக்கூடாதாம்." சொல்லிவிட்டு அவள் வெட்கப்பட்டாள். "வீடியோவுல சொன்னாங்க."

"வீடியோ வேற பாத்தியா? சரிதான். எருமைக்கு ஏத்த எஜமானி."

அவள் அண்ணன் தோளில் ஒரு தட்டு தட்டிச் சிரித்தாள். மகள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து எலும்பர் பார்க்கவில்லை. தன் சாமர்த்தியத்தை நினைத்து, மேலே போட்டிருந்த காலை ஆட்டிக்கொண்டார்.

தெருமுனையில் சத்தம் கேட்டது. எருமைக்கு அடித்தொண்டை. இது மூக்கால் கத்தியது. எலும்பருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, இன்னும் சிரித்த முகமாகத்தான் இருந்தார். தங்கைக்குத் தெரிந்தது. புருஷன் போனில் போட்டுப் பார்க்கிற வீடியோக்களில் இரண்டு வண்டியின் சத்தத்தையும் அவள் பக்கத்து அறையிலிருந்து மாதக்கணக்காகக் கேட்டிருக்கிறாள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

சிவப்புக் குளவி வாசலில் வந்து நின்றது. மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றினார். இவ்வளவு வெளிச்சமான முகத்தை அவரிடம் அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. இறங்கியவர் மனைவியிடம் போகவில்லை, நேராக எலும்பரிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொன்னதையே எடுத்துட்டேன் மச்சான்."

எலும்பரின் சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டது. எடுக்கவும் வரவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

மாப்பிள்ளை மனைவியின் பக்கம் திரும்பினார். "உன்கிட்ட சொல்லாம இருந்தேன். அந்தப் பெரிசுக்குத்தான் பேர் கொடுத்து வெச்சிருந்தேன். உங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போனதே, எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான். நாம ரெண்டு பேரும் அதுல எங்கயாவது போயிட்டு வரலாம்னு இருந்தேன். உனக்கு ஹெல்மெட்டுகூட வாங்கி, லிஃப்ட் மெஷின் ரூம்ல ஒளிச்சு வெச்சிருந்தேன். திடீர்னு எடுத்துக் காட்டலாம்னு."

தங்கை தன் ஷூவைப் பார்த்தாள்.

"ஆனா மச்சான் அன்னைக்கு ஒண்ணு சொன்னாரு பாரு" என்றார் மாப்பிள்ளை. "'பதினாறாவது மாடியில, கீழ ஒண்ணும் இல்லாத இருட்டுல தொங்கிக்கிட்டு ஒரு போல்ட்டை முறுக்குறீங்களே, அந்தக் கைக்கு இதுதான் வண்டி'ன்னாரு. அப்படியே இதே வார்த்தை. இத்தனை வருஷத்துல இந்த வீட்ல என் வேலையைப் பத்தி ஒருத்தர் வாயிலேருந்து... விடு. உங்க அண்ணன் சும்மா யாரையும் புகழ மாட்டாருன்னு நீதானே சொல்லுவ? அப்புறம் எப்படி நான் வேற வண்டி எடுக்கிறது?"

"நீ கோச்சுக்க மாட்டியே?" என்றார் மனைவியிடம், கொஞ்சம் இறங்கிய குரலில். "நீயும் வர்றேன்னு ஒருநாளும் சொல்லல. வண்டி வாங்கப் போறேன்னு சொன்னப்பகூட ஒரு வார்த்தை கேக்கல. சரி, உனக்கு இஷ்டமில்லபோலன்னு நெனச்சுக்கிட்டேன். நானாத்தானே ஆசைப்பட்டேன்."

தங்கை மெல்லத் தலையாட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அதில் தெரியவில்லை.

எலும்பர் எழுந்து நின்றார். 'நான் சும்மா சொன்னேன் மாப்பிள்ளை.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் தங்கைக்கு அந்த அகலமான சீட்டு ஒருவேளை திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த முகத்தில் எரிகிற விளக்கை அவரே ஊதி அணைக்க வேண்டும். எத்தனையோ தடவை அதைச் செய்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் எல்லோரும் சிரித்தார்கள். இன்று அந்த முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு அவரால் முடியவில்லை. தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"மாப்பிள்ளை, அது வந்து..."

"என்ன மச்சான்?"

"வண்டி நல்லா இருக்கு" என்றார் எலும்பர்.

"அப்ப வாங்க. முதல் ரவுண்டு நீங்கதான் வரணும். நீங்க இல்லாம எனக்கு இந்த வண்டி ஏது?" மாப்பிள்ளை ஒரு துணிப்பையிலிருந்து ஹெல்மெட்டை எடுத்தார். மயில் கழுத்து நிறம். விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. "இதையே போட்டுக்கங்க. சும்மாதானே கிடக்குது."

எலும்பர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அது தங்கையின் தலைக்கு அளவு பார்த்து வாங்கியது. அவர் தலையில் ஏற மறுத்தது. மாப்பிள்ளை மேலிருந்து ஒரு அழுத்து அழுத்தினார். காது இரண்டும் மடங்கி, கன்னம் பிதுங்கி, கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிந்தன. அந்த உள்ளங்கை அகலத் துண்டில் ஏறி உட்கார்ந்தார். முட்டி இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டன. பிடித்துக்கொள்ள மாப்பிள்ளையின் இடுப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. பிடித்துக்கொண்டார்.

எதிர் வீட்டு மாடியில் யாரோ சிரித்தார்கள்.

தங்கை படியிறங்கி வந்தாள். எலும்பர் அவளைப் பார்க்கத் திரும்பினார், கழுத்து திரும்பவில்லை. அவள் எதிரே வந்து நின்று, அவர் தாடைக்கு அடியில் தொங்கிய வாரை எடுத்தாள்.

"அசையாத" என்றாள். "மூச்சைப் பிடி."

எலும்பர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு கிண்டல் வரும் என்று காத்திருந்தார். எருமை, குளவி, சர்க்கஸ், தவளை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி அவள் மானத்தை வாங்கினால் போதும், பிழைத்துப்போவார். அவள் வாரைப் பூட்டினாள். விலைச்சீட்டைப் பிய்த்து எடுத்து மடக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"நல்லாப் பிடிச்சு உக்காந்துக்கண்ணா" என்றாள். "உனக்காகத்தானே வாங்கியிருக்காரு."

குரலில் கிண்டல் துளியும் இல்லை.